டொரண்ட்டில் இறக்குபவர் விநியோகஸ்தரும் ஆவது எப்படி?

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை, பாகங்களை வரைந்து வடிவமைக்கும் கேட் (CAD) மென்பொருளின் திருட்டு நகலை, பயனர்கள் தங்களுக்குள் கோப்பைப் பகிரும் டொரண்ட் முறையில் இறக்குகிறது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி எம்ப்ராய்டரி பஞ்சிங் (படத்தைத் தையல் கோப்பாக மாற்றும்) மென்பொருளை இறக்குகிறது. சரவணம்பட்டி விடுதியில் ஒருவர் புதுப்படம் இறக்குகிறார். மூவருமே "எடுத்தேன், யாருக்கும் கொடுக்கவில்லை" என்றுதான் நினைப்பார்கள். டொரண்ட் வேலை செய்யும் விதமோ அப்படியல்ல.

2001-ல் பிராம் கோஹன் வெளியிட்ட இந்த முறையில் கோப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் ஹேஷ் உண்டு, அதாவது துண்டு சரியானதா என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு. உங்கள் கணினி டிராக்கரிடமோ (யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) டிஎச்டி வலையமைப்பிடமோ (அதையே பயனர்களின் கணினிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் முறை) கேட்டு, கோப்பை வைத்திருப்பவர்களின் ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), போர்ட் எண் (அந்த இணைப்பில் எந்த வாசல் என்ற எண்) பட்டியலைப் பெற்று, 16 கேபி அளவாகக் கேட்டு வாங்கும். ஒரு துண்டு முழுதாக வந்து ஹேஷ் பொருந்தியதும், இன்னும் பாதிகூட இறங்காத நிலையிலேயே, அதை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடும். தனக்குத் துண்டு கொடுப்பவருக்கே அது முன்னுரிமை தரும், யாருக்குக் கொடுப்பது என்பது ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை மறுபரிசீலனை ஆகும்.

"அப்லோட் வேகத்தை 0 ஆக்கிவிட்டேன்" என்பார்கள். கியூபிட்டொரண்ட் என்ற டொரண்ட் செயலியில் 0 என்றால் வரம்பே இல்லை என்று பொருள்! 1 வைத்தாலும் விநாடிக்கு 1 கேபி போய்க்கொண்டுதான் இருக்கும்.

பதிப்புரிமையாளருக்காகக் கண்காணிப்பவர் எதையும் உடைத்து நுழைவதில்லை. அவரும் ஒரு பயனராகச் சேர்ந்து, உங்களிடமிருந்து ஒரு துண்டை வாங்கி, ஹேஷைச் சரிபார்த்து, ஐபி, போர்ட், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்கிறார். ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்ந்தாலும், போர்ட்டும் நேரமும் இருந்தால் இணைய நிறுவனத்தின் பதிவில் இணைப்பைத் தேடலாம். அதில் கிடைப்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். இறக்கிய ஆள் அல்ல. விடுதி வைஃபை என்றால் முதல் கேள்வி விடுதி உரிமையாளருக்கு வரும்.

பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-ஆம் பிரிவுப்படி, தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வணிக லாப நோக்கம் இல்லாதபோது, தக்க காரணம் காட்டி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம்.

இந்தச் சலுகைதான் பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் எட்டாது. திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவதை 63பி பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, அதே அபராதம். தொழிலுக்குப் பயன்படுத்தாதவருக்கு மட்டும் சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு முடிக்க இடமுண்டு. ஜாப் ஆர்டருக்கு டை வரைந்தவர் அந்த வாசலில் நுழைய முடியாது.

தொழிற்கூடங்கள் மாட்டிக்கொள்வதற்கு டொரண்ட் கண்காணிப்பே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லைசன்ஸ் பூட்டு உடைக்கப்பட்ட சில மென்பொருள்கள், கணினியின் மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்), பதிப்பு எண் போன்றவற்றைத் தயாரிப்பாளருக்கே அனுப்பிவிடும். பிறகு வருவது நோட்டீஸ், அல்லது நீதிமன்றம் நியமித்த ஆணையரின் நேரடிச் சோதனை. அந்த நேரத்தில் அவசரமாக அழிப்பது நிலைமையை மோசமாக்கும். தடயத்தை மறைத்ததாக ஆகிவிடும்.

டொரண்ட் தன்னளவில் குற்றமல்ல. உபுண்டுவும் லிப்ரே ஆபிஸும் அதிகாரபூர்வமாகவே டொரண்ட் தருகின்றன. எம்ப்ராய்டரிக்கு, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இயங்கும் இலவச இங்க்/ஸ்டிச், எம்ப்ராய்டரி மெஷின் படிக்கும் டிஎஸ்டி கோப்பை எழுதும். மில்லிங்குக்கு, ஃப்ரீகேட் என்ற இலவச கேட் மென்பொருளின் கேம் (CAM) பகுதி, மெஷினை இயக்கும் கட்டளைகளான ஜி-கோடு தரும். ஆனால் உங்கள் கன்ட்ரோலருக்குப் பொருந்தும் போஸ்ட் ப்ராசஸரை (கட்டளைகளை அந்த கன்ட்ரோலருக்குப் புரியும்படி மாற்றித் தரும் பகுதி) தேர்ந்தெடுத்து, ஜாப் மாட்டாமல் ஒருமுறை காற்றில் ஓட்டிப் பார்த்த பிறகே உலோகத்தில் கை வையுங்கள்.