அனாக்ஸ் இம்மாக்குலிஃப்ரான்ஸ்: ஓடை வேந்தன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறை ஓடைகளில், தண்ணீருக்குச் சற்று மேலே, லேசில் உட்காராமல் முன்னும் பின்னுமாக ரோந்து சுற்றும் பெரிய தட்டானின் அறிவியல் பெயர் இது. நீளம் சுமார் 8 சென்டிமீட்டர். நம் நாட்டின் மிகப் பெரிய தட்டான்களில் ஒன்று. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

'அனாக்ஸ்' கிரேக்கச் சொல். தலைவன் என்று பொருள். ஹோமரின் காவியத்தில் அகமெம்னானை 'மனிதர்களின் அனாக்ஸ்' என்பார்கள். மற்ற அரசர்களையும் தன் கீழ் திரட்டிப் படை நடத்தியவன் அவன். அதனால் 'மன்னன்' போதாது, 'வேந்தன்' என்பதே பொருத்தம். இந்தப் பேரினத்துக்கு ஆங்கிலேய விலங்கியலாளர் லீச் 1815-ல் பெயரிட்டார். 'இம்மாக்குலிஃப்ரான்ஸ்' லத்தீன்: மறு இல்லாத நெற்றி. இது 1842-ல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ராம்பூர் வைத்தது. இதன் உறவுக்கார இனங்கள் சிலவற்றுக்கு நெற்றியில் கருப்புக் குறி உண்டு, இதற்குக் கிடையாது.

சரி, பறக்கிற பூச்சியின் நெற்றியை யார் பார்க்க முடியும்? கண்ணைப் பாருங்கள். நீலமாக, தலை உச்சியில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும். மார்பின் பக்கங்கள் வெளிறிய நீலப் பச்சை, அதில் தடித்த கருப்புப் பட்டைகள். வயிறு கருப்பும் செம்பழுப்பும். அதே ஓடையில் பச்சைக் கண்ணும் மஞ்சள் வளையங்களுமாக ஒன்று பறந்தால் அது வேறு குடும்பம்.

தென்னிந்தியா, இலங்கை, இமயமலை, கிழக்கே சீனா வரை இது வாழ்கிறது. மேற்கே துருக்கி, சைப்ரஸ் தாண்டி, பெயர் தந்த கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவிலும் உண்டு. எங்கே இருந்தாலும் ஓடும் நீர்தான் இதற்கு வீடு. சமவெளிக் குளத்தின் மேல் பச்சை மார்போடு சுற்றும் பெரிய தட்டான் பெரும்பாலும் இதன் உறவான அனாக்ஸ் கட்டேட்டஸ்.

தமிழில் தும்பியா, தட்டானா? இன்று இரண்டும் வழக்கில் உண்டு. ஆனால் குறுந்தொகையின் 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி' பூந்தாது தேடும் வண்டு. நம்முடையதோ பறந்தபடியே பூச்சி பிடிக்கும் வேட்டைக்காரன். குழப்பமில்லாத சொல் தட்டான்தான் என்பது என் கருத்து.

அப்புறம் இனப்பெயர். 'மறுவில் நெற்றி வேந்தன்' சொல்லுக்குச் சொல் சரி, பேச்சில் நிற்காது. 'ஓடை வேந்தன்' என்றால் எங்கே போய்த் தேடுவது என்பதும் பெயரிலேயே வந்துவிடும். கட்டேட்டஸ் என்றால் புள்ளியுள்ளது. அதைப் 'புள்ளி வேந்தன்' எனலாம்.