புழுவோட தாடையில செம்பு எப்படி வந்துச்சு?

கடல் புழுவுக்கு உலோகத்துல பல் இருக்காமே, நிஜமாவான்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. நிஜம்தாங்க. கிளைசெரான்னு ஒரு ரத்தப்புழு, கடலடி சேத்துக்குள்ள வாழுது. இரை கிட்ட வந்தா உள்ள மடிச்சு வச்சிருக்கிற குழாயை சட்டுனு வெளிய தள்ளும், அதோட நுனியில கறுப்பா கொக்கி மாதிரி நாலு தாடை, ஒவ்வொண்ணும் 2 மில்லிமீட்டர்தான், விஷத்தையும் அது வழியாத்தான் இறக்குது.

நம்ம பல் எனாமல்ல 95 சதவீதத்துக்கு மேல தாது. இதுல செம்பு சுமார் 10 சதவீதம்தான், மிச்சமெல்லாம் புரோட்டீனும் மெலனினும், அதாங்க நம்ம முடிக்குக் கறுப்பு குடுக்கிற அதே மெலனின். அப்படியிருந்தும் தேய்மானத்தைத் தாங்குறதுல எனாமலுக்குக் கிட்ட வந்துடுது.

எப்படின்னு 2022-ல கலிஃபோர்னியா சாண்டா பார்பரா பல்கலைக்கழக ஆளுங்க காட்டினாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஒரே ஒரு புரோட்டீன், அதுவும் பெரும்பாலும் கிளைசின், ஹிஸ்டிடின்னு ரெண்டே அமினோ அமிலம். ஹிஸ்டிடின்ல இருக்கிற நைட்ரஜன் செம்பு அயனியைக் கப்புனு பிடிச்சுக்கும். பிடிச்சதும் புரோட்டீன் தண்ணியில எண்ணெய் பிரியுற மாதிரி கெட்டியான துளியாப் பிரிஞ்சு நிக்குது, அந்தத் துளிக்குள்ள இருக்கிற செம்பே டோபாங்கிற பொருளை மெலனினா மாத்துது, அந்த மெலனினைத் தன்னோடயே பிணைச்சு இறுக்கிக்கிறதும் இதே புரோட்டீன்தான். கொத்தனார், சித்தாள், மேஸ்திரி எல்லாம் ஒரே ஆள்! உலையும் வேண்டாம் ஆசிடும் வேண்டாம், கடல் தண்ணியோட குளிர்ச்சியிலயே வேலை முடியுது. புழுப் பல்லுக்கெல்லாம் எதுக்கு ஆராய்ச்சிப் பணம்னு கேக்குறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

நெரீஸ்னு இன்னொரு புழு செம்புக்குப் பதிலா துத்தநாகம் வச்சிருக்கு, பிடிச்சு வைக்கிறது அங்கயும் ஹிஸ்டிடின்தான். அந்தத் துத்தநாகத்தை மட்டும் உருவி எடுத்துட்டா தாடையோட கடினத்தன்மை பாதிக்கும் கீழ போயிடுது.

இந்த மாதிரித் தாடைங்க 40 கோடி வருஷத்துக்கும் முந்தின பாறையிலயே கிடைக்குது, பேரு ஸ்கோலிகோடான்ட். மெத்துனு இருக்கிற உடம்பு அழுகிப் போயிடும், தாடை மட்டும் தங்கும். கனடாவுல 1994-ல எடுத்த ஒண்ணு ராயல் ஒன்டாரியோ மியூசியத்துல சும்மாவே இருந்து, 2017-லதான் வெப்ஸ்டெரோப்ரியான்னு பேர் வாங்குச்சு, தாடை 1 சென்டிமீட்டருக்கு மேல!

ஆனா ஃபாசில்ல உலோகம் தெரிஞ்சா உடனே புழுவோடதுன்னு சொல்லிட முடியாது, புதைஞ்ச மண்ணுல இருந்தும் ஊறி ஏறியிருக்கலாம். அதனால எவ்வளவு இருக்குங்கிறதை விட எங்க இருக்குன்னு பாக்கணும். உயிரோட இருக்கிற புழுவுல மாதிரி கடிக்கிற நுனியில குவிஞ்சிருந்தா அது புழு சேத்து வச்சதா இருக்க வாய்ப்பு அதிகம், எல்லா இடத்துலயும் ஒரே சீரா படிஞ்சிருந்தா மண்ணு மேலதான் சந்தேகம்.