கொன்கோர்ஸ் என்றால் கூடம்

பெரிய நகரத்து ரயில் நிலையங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே வந்து நிற்கிற சொல் ‘கொன்கோர்ஸ்’. தெருவிலிருந்து உள்ளே வந்தவர் டிக்கட் வாங்கி, நேரப் பலகையைப் பார்த்து, தனக்குரிய பிளாட்போம் எதுவென்று தெரிந்துகொண்டு பிரிந்து போகிற பொதுவான பெரிய இடத்துக்கு அந்தப் பெயர். அது காத்திருக்கும் அறை இல்லை, பிளாட்போமும் இல்லை. வாசலுக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது.

இலங்கையின் மலையகத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சொல் அந்நியமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. அட்டன், தலவாக்கலை, நானுஓயா, அப்புத்தளை, எந்த டேசனை எடுத்தாலும் அப்படி ஓர் இடம் கிடையாது. டிக்கட் ஜன்னல், அதன் முன்னால் ஒரு விறாந்தை, ஒரு கேட், அந்தப் பக்கம் பிளாட்போம். கோச்சிக்கு, அதாவது ரயிலுக்கு, வந்தவர் நாலு எட்டு வைத்தால் தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்பார். போவது கொழும்புப் பக்கம், இல்லையென்றால் பதுளைப் பக்கம். வருகிற வண்டிகளும் நாளுக்குச் சிலதான். எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று நின்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. கொன்கோர்ஸ் என்பது யோசிக்க வேண்டிய பயணிக்காகக் கட்டப்படுகிற இடம். பல திசைகளும் பல பிளாட்போம்களும் உள்ள நிலையத்துக்கே அது வேண்டும். மலையேறும் பாதையின் வரலாறும் இதற்கு ஒத்துப் போகிறது. 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்த அந்தப் பாதையை மேலே இழுத்தது முதலில் கோப்பி, பிறகு தேயிலை. பயணிக்கு ஒரு விறாந்தை போதும் என்று நினைத்திருப்பார்கள்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘குர்ரேரே’ என்றால் ஓடுதல். அதன் முன்னால் ‘கொன்’ என்ற ஒட்டு சேர்ந்தால் ஒன்றாக ஓடுதல், பல பக்கமிருந்தும் ஓடிவந்து ஓரிடத்தில் சேருதல். அதிலிருந்து ‘கொன்குர்சுஸ்’, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் கொன்கோர்ஸ். ரயில் பெட்டிக்குள் நடக்கிற ‘கொரிடோர்’ கூட இதே ஓட்டத்தின் இத்தாலியக் கிளைதான். இதில் ஒரு முரண் உண்டு. ‘ஸ்டேஷன்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு நிற்றல் என்று பொருள். நில் என்ற வினையிலிருந்து வந்த நம்முடைய ‘நிலையம்’ அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. நிற்கிற கட்டடத்துக்குள் ஓடுகிற ஒரு அறை! பெரிய நிலையங்களை வடிவமைப்பவர்களின் தலையிடி முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாகக் கொன்கோர்ஸ் என்றால் மக்கள் திரள் என்றே பொருள். இடத்தை அது குறிக்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில், அமெரிக்காவில். பழைய அகராதிகள் ‘கூட்டம், திரள்’ என்று மட்டும் பொருள் தருவது அதனால்தான். அதை நம்பி நிலையக் கட்டடத்தைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்த்தால் ‘நிலையத்தின் பிரதான திரள்’ என்று எழுத வேண்டி வரும்.

பழைய பொருளைப் புரிந்துகொள்ள மலையகத்தவருக்கு அகராதி தேவையில்லை. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் தோட்டத்தோட்டமாகக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு மலையக டேசன்களுக்கு வந்து, கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். ஒரு வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று விழுந்ததும் உண்டு. வழியனுப்பத் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே திரண்டு வந்தது. அந்த வண்டிக்கு சனங்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. விறாந்தையும் பிளாட்போமும் மட்டும் இருந்த சின்ன டேசன்களில் அன்று கூடியதுதான் சொல்லின் முதற்பொருளில் கொன்கோர்ஸ். அப்படி ஒரு கூட்டம் கூடும் என்று அந்த டேசன்களைக் கட்டியவர்கள் எண்ணியிருக்க வழியில்லை. விடைபெறுகிறவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் அங்கே எதுவுமில்லை.

கட்டடமாக வளர்ந்த கொன்கோர்ஸைப் பார்க்க நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரலுக்குப் போக வேண்டும். 1913இல் திறந்த நிலையம். அதன் பெரிய கொன்கோர்ஸ் ஏறத்தாழ 275 அடி நீளம், 120 அடி அகலம், 125 அடி உயரம். கூரையில் நட்சத்திரக் கூட்டங்களை வரைந்திருக்கிறார்கள், அதுவும் இடம்வலம் மாறி. பார்க்கிறவர்கள் வியப்பது இதையெல்லாம்தான். என்னைக் கேட்டால் அங்கே கெட்டிக்காரத்தனம் கூரையில் இல்லை, தரையில் இருக்கிறது. நிலையத்தின் பல வழிகள் படிக்கட்டாக இல்லாமல் சரிவாக இருக்கின்றன. சரிவில் நடக்கிறவர் கால் பார்த்து நடக்கத் தேவையில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, எங்கே போகிறோம் என்று பார்த்தபடி வரலாம். நடு மையத்தில் தகவல் கூடு, அதன் உச்சியில் நாலு பக்கமும் முகமுள்ள மணிக்கூடு. எந்த மூலையிலிருந்து வந்தாலும் கண்ணில் படும். “மணிக்கூட்டுக்குக் கீழே நில்லு” என்று சொல்லிவிட்டால் ஆளைத் தேடி அலைய வேண்டாம்.

கூட்டம் எப்படி நகர்கிறது என்பதை அளவிட்டுப் பார்த்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஜோன் ஃபுருயின். 1971இல் அவர் வெளியிட்ட கணிப்பு, ஒருவருக்குக் கிடைக்கிற தரையின் அளவை வைத்து நெரிசலை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஆறு தரமாகப் பிரித்தது. ஏ என்றால் யாரையும் இடிக்காமல் விரும்பிய வேகத்தில் நடக்கலாம். எஃப் என்றால் தீபாவளிக்கு முந்திய நாள் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். நடக்கிறவருக்கும் வரிசையில் நிற்கிறவருக்கும் படியேறுகிறவருக்கும் அவர் தனித்தனி அளவு வைத்ததுதான் முக்கியம். நிற்கிறவருக்குப் போதுமான இடம் நடக்கிறவருக்குப் போதாது. இருவரையும் ஒரே தரையில் விட்டால் ஓடுகிறவர் நிற்கிறவரோடு மோதுவார். நல்ல கொன்கோர்ஸில் நேரப் பலகைக்கு முன்னால் ஆட்கள் நின்று பார்க்க ஒதுக்கமான இடம் இருக்கும். அந்த இடம் வாசலிலிருந்து பிளாட்போமுக்குப் போகிற பாதையை மறிக்காது. வாசலுக்கு நேர் எதிரே பலகையை மாட்டினால் உள்ளே வந்த எல்லோரும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

இருக்கை விஷயத்தில் உலகம் முழுக்கவே நிலைய நிர்வாகங்களுக்கு ஒரு கஞ்சத்தனம் உண்டு. நியூயோர்க்கில் 2021இல் திறந்த மொய்னிகன் ரயில் மண்டபத்தில் அழகான கண்ணாடிக் கூரை போட்டார்கள், ஆனால் பெரிய மண்டபத்தில் உட்கார இடமில்லை என்று பயணிகள் உடனே குறை சொன்னார்கள். இருக்கை போட்டால் வீடில்லாதவர்கள் படுப்பார்கள், கடைகளுக்கு இடம் குறையும், ஓட்டம் தடைப்படும் என்று காரணம் சொல்ல எப்போதும் ஆளிருக்கும். இடுப்பில் பிள்ளையோடு வருகிற தாய்க்கும் முழங்கால் வலியோடு வருகிற தாத்தாவுக்கும் இந்தக் காரணங்கள் எதுவும் உதவாது.

நிலையத்தின் வகையைப் பொறுத்துக் கொன்கோர்ஸின் இடமும் மாறும். சென்னை சென்ட்ரல் போல வண்டிகள் வந்து முடிகிற முனையம் என்றால், தண்டவாளங்களின் நுனியில் குறுக்காக ஒரு கூடம் போதும். படியே ஏறாமல் எந்த வண்டிக்கும் போகலாம். வண்டிகள் ஊடறுத்துப் போகிற நிலையத்தில் அது நடக்காது. கொழும்புக் கோட்டை இந்த வகை. பாலம் ஏறி இறங்கித்தான் அடுத்த பிளாட்போமுக்குப் போக வேண்டும். பதுளையிலிருந்து இரவு மெயிலில் வந்து அதிகாலையில் இறங்குகிறவர், தூக்கக் கலக்கத்தில் மூட்டையோடு அந்தப் படிகளில் ஏறும்போது, சரிவு வைத்துக் கட்டியவர்களின் அருமையை உணர்வார்.

கோட்டையில் உள்ளே இருக்கிற இடம் போதாமல் கொன்கோர்ஸின் வேலையில் ஒரு பங்கு வெளியே போய்விட்டது. புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிற நம் பெடியன்கள் ஊரிலிருந்து வருகிறவரிடம் போனில் சொல்வது, “ஒல்கொட் சிலைக்கிட்ட நில்லுங்க மாமா, நான் வாறேன்.” நிலையத்துக்கு முன்னால் நிற்கும் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட்டின் சிலை, சம்பளம் வாங்காமல், கிராண்ட் சென்ட்ரல் மணிக்கூட்டின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘காத்திருப்பு மண்டபம்’ என்றால் பாதிப் பொருள்தான் வரும், ஓட்டம் போய்விடும். ‘நடைகூடம்’ கொரிடோருக்குச் சரி, இதற்கு ஒடுக்கம். ‘பொது வளாகம்’ என்றால் மதிலும் மைதானமும் சேர்ந்துவிடும்.

என் தெரிவு ‘கூடம்’. பள்ளிக்கூடம், கலைக்கூடம் என்று எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். கேட்டவுடன் ‘கூடு’ என்ற வினை காதில் விழும். ஆறுகள் கூடுகிற இடம் கூடல், பவானியில் அது கூடுதுறை, மதுரைக்குப் பழம்பெயரே நான்மாடக்கூடல். பல பக்கமிருந்து ஓடிவந்து சேருதல் என்ற லத்தீன் கருத்துக்கு இதைவிடக் கிட்டிய உறவு தேட வேண்டியதில்லை. கூடம் என்பதற்கு மலையுச்சி என்றும் ஒரு பொருள் உண்டு. அது வடமொழி வழி வந்தது. திரிகூடம், சித்திரகூடம் என்பவற்றில் இருப்பது அதுதான். மலைநாட்டுக்காரருக்கு மேலதிகமாகக் கிடைத்த லாபம் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்தில் ‘நிலையக் கூடம்’ என்றும், ஒன்றுக்கு மேல் இருந்தால் ‘பெருங்கூடம்’, ‘கீழ்க்கூடம்’ என்றும் பிரித்துக்கொள்ளலாம். பலகையில் எழுதக் ‘கூடம்’ என்ற ஒரு சொல் போதும். அம்பும் போட்டுவிட்டால் யாருக்கும் விளங்கும்.

நிலையத்துக்கு வெளியே, ஒல்கொட் சிலை நிற்கிற முன்பக்கத்தைக் கூடம் என்று சொல்லக்கூடாது. அதற்கு ‘முன்றில்’ இருக்கிறது. இல்முன் என்பது மாறி முன்றில் ஆனதை இலக்கணப் போலிக்கு உதாரணமாகப் பள்ளியில் படித்துவிட்டு அப்படியே மறந்துவிட்டோம். லயத்துக் காம்பராவுக்கு முன்னாலுள்ள இடத்தை நாம் ‘இஸ்தோப்பு’ என்கிறோம். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். பேச்சில் இஸ்தோப்பு இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பிடுங்கத் தேவையில்லை. நிலையத்தின் முன்பக்கத்துக்கு எழுத்தில் முன்றில் வரட்டும்.

விமான நிலையத்தில் மட்டும் கவனம் வேண்டும். அமெரிக்க வழக்கில் அங்கே கொன்கோர்ஸ் என்பது விமானங்கள் வந்து ஒட்டுகிற வாசல்கள் வரிசையாக உள்ள நீண்ட கிளை. ‘கொன்கோர்ஸ் பீ’ என்று பலகையில் கண்டதை ‘கூடம் பீ’ என்று மாற்றினால் பயணி மண்டபம் தேடிப் போய் விமானத்தைத் தவறவிடுவார். அங்கே ‘வாயிற்கிளை’ என்று எழுதுவதே சரி.