மறுதொடக்கத்துக்குப் பிறகும் டிஎன்எஸ் அமைப்பு நிலைக்க வேண்டுமானால்

பள்ளிக் கணினி ஆய்வகங்களிலும் சிறு அலுவலகங்களிலும் உள்ள லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் பணியில் நான் அடிக்கடி காணும் குறை ஒன்று உண்டு. தீங்கான தளங்களைத் தடுப்பதற்காக 1.1.1.3 அல்லது 9.9.9.9 என்ற டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை யாரோ அக்கறையோடு இட்டிருப்பார்கள். கணினியை அணைத்து மீண்டும் இயக்கியதும் அது மறைந்து, இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் திரும்ப வந்திருக்கும். இணையம் வழக்கம்போல் இயங்குவதால், தடுப்பு போய்விட்டதை எவரும் அறிவதில்லை. அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி, டிஎன்எஸ் முகவரிகளைக் குறிக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பை (/etc/resolv.conf) நேரடியாகத் திருத்துவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையிலும், ஃபெடோரா என்ற வகையில் 2020-இல் வந்த 33-ஆம் பதிப்பு முதலும், அந்தப் பெயரில் இருப்பது பொதுவாக வெறும் இணைப்புச் சுட்டிதான். அது சுட்டும் உண்மையான கோப்பு, நினைவகத்தில் மட்டுமே வாழும் ரன் கோப்புறையில் டிஎன்எஸ் வினவல்களைக் கையாளும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு சேவையால் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுகிறது. அதனால்தான் அதைத் திறந்தால் 127.0.0.53 என்ற உள்முகவரி தென்படுகிறது. அந்தச் சுட்டிக்குப் பதிலாகச் சாதாரணக் கோப்பை வைத்து, மாற்ற முடியாதபடி சிஹெச்ஏடிடிஆர் (chattr) கட்டளையால் பூட்டிவிடுவோரும் உண்டு. ஆனால் தொலைவிலிருந்து அலுவலக வலையமைப்பில் இணைக்கும் விபிஎன் தன் டிஎன்எஸ்ஸை அதில் எழுத முடியாமல் போவதால், உள் சேவையகங்களின் பெயர்கள் திறக்காது. இதை நான் பரிந்துரைப்பதில்லை.

மேசைக் கணினிகளில் அமைப்பை, இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர் மென்பொருளிடமே சொல்ல வேண்டும். இணைப்பின் அமைப்புகளில் ஐபிவி4 பகுதிக்குச் சென்று, டிஎன்எஸ் வரிசையிலுள்ள தானியங்கிப் பொத்தானை அணைத்து, முகவரிகளை இட்டுச் சேமித்தபின், இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைக்க வேண்டும். பொத்தானை அணைக்காவிட்டால் ரவுட்டர் தரும் முகவரிகளும் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். இந்த அமைப்பு அந்த ஓர் இணைப்புக்கே உரியது. வேறு வைஃபைக்கு மாறினால் அங்கும் தனியாகச் செய்ய வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம், ஐபிவி4-க்குப் பின் வந்த புதிய முகவரி முறையான ஐபிவி6. ஐபிவி4-ஐ மட்டும் சரிசெய்துவிட்டு பயன்பாட்டிலுள்ள டிஎன்எஸ் முகவரிகளைக் காட்டும் ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் (resolvectl status) என்ற கட்டளையை இட்டுப் பாருங்கள்: நீங்கள் இட்ட முகவரிகளுக்கு அருகிலேயே எஃப்ஈ80 என்று தொடங்கும் ரவுட்டர் முகவரி ஒன்று நிற்கக்கூடும். வினவல்கள் அதன் வழியே போகும்போது தடுப்பு முழுவதும் பயனற்றதாகிவிடும். ஆகவே ஐபிவி6 பகுதியிலும் தானியங்கிப் பொத்தானை அணைத்து, அதே சேவையின் ஐபிவி6 முகவரிகளை இடுங்கள்.

கணினியை மறுதொடக்கம் செய்து, அதே கட்டளையை மீண்டும் இட்டுப் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் போன்ற உலாவிகளில் பாதுகாப்பான டிஎன்எஸ் (secure DNS) என்ற வசதி தனியாக இயக்கப்பட்டிருந்தால், அவை கணினியின் அமைப்பைப் பொருட்படுத்தாமல் தம் வழியே செல்லும். அதையும் ஒவ்வொரு பயனர் கணக்கிலும் பார்த்துவிட வேண்டும்.