மருத்துவ இதழாசிரியர்களுக்கு வரும் பணம்: ஆணுக்கு ஏன் அதிகம்?

அமெரிக்காவில் ஒரு மருத்துவரின் பெயர் தெரிந்தால் போதும். மருந்து நிறுவனங்களும் மருத்துவக் கருவி நிறுவனங்களும் அவருக்கு எவ்வளவு கொடுத்தன என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். 'ஓப்பன் பேமென்ட்ஸ்' என்ற அரசுத் தளத்தில் பெயரைத் தட்டினால் நிறுவனம், தேதி, தொகை, எதற்காக என்று வரிவரியாக வரும். 15 டாலர் மதியச் சாப்பாடும் ஒரு வரி, கண்டுபிடிப்புக்கான உரிமைத்தொகையாக வரும் லட்சக்கணக்கான டாலர் ராயல்டியும் ஒரு வரி. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஏற்பாடு இது. 2014 செப்டம்பரில்தான் முதல் கணக்கு வெளியானது.

அந்தக் கணக்கில், மருத்துவர்களாகவும் இருக்கும் மருத்துவ ஆய்விதழ்களின் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒரு புதிய மருந்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை இதழுக்கு வந்தால் முதலில் படிப்பவர் ஆசிரியர். வெளி நிபுணர்களின் மதிப்பீட்டுக்கு அனுப்பாமலே அவர் அதைத் திருப்பி அனுப்பலாம். மதிப்பீட்டுக்கு அனுப்பினால், யார் மதிப்பிட வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்கிறார். அங்கே அச்சாவதை நம்பித்தான் உலகெங்கும் மருந்துச் சீட்டுகள் எழுதப்படுகின்றன.

2017இல் பிரிட்டனின் மருத்துவ இதழான பிஎம்ஜேவில் வந்த ஓர் ஆய்வு, 52 இதழ்களைச் சேர்ந்த 713 அமெரிக்க ஆசிரியர்களின் பெயர்களை இந்தத் தளத்தில் தேடியது. 2014இல் மட்டும் அவர்களில் பாதிப்பேர், அதாவது 50.6 சதவீதம் பேர், ஆய்வு நிதி அல்லாத பணம் பெற்றிருந்தார்கள். சராசரி 28,136 டாலர். ஆனால் 713 பேரையும் தொகை வாரியாக வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்கியது வெறும் 11 டாலர். பலருக்கு ஒன்றுமில்லை, சிலருக்கு ஒரு சாப்பாடு. சராசரியை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கியவர்கள் வரிசையின் கடைக்கோடியில் நிற்கும் சிலர்.

ஆண், பெண் வேறுபாட்டைப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கடைக்கோடியைத்தான். ஓப்பன் பேமென்ட்ஸ் பட்டியலில் பாலினம் குறிக்கப்படுவதில்லை. மருத்துவர்களின் தேசியப் பதிவேடு போன்ற வேறோர் ஆவணத்தோடு பெயரை ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் அதைச் சேர்க்கிறார்கள். அப்படி 2015ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்து, அமெரிக்க மருத்துவர்கள் எல்லோரையும் அலசிய ஆய்வு ஒன்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் வந்தது. மொத்தம் சுமார் 240 கோடி டாலர், வாங்கியவர்கள் ஏறக்குறைய பாதி மருத்துவர்கள். ஆண்களுக்குப் பணம் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம், தொகையும் அதிகம்.

எலும்பு அறுவை சிகிச்சை போல ராயல்டி கொழிக்கும் துறைகளில் பெண்கள் குறைவு என்பது ஒரு காரணம். சரி, அறுவை சிகிச்சையாளர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால்? அங்கேயும் இடைவெளி மறையவில்லை.

என் கணிப்பில், இது ஒரு சுழல். யார் சொன்னால் மற்ற மருத்துவர்கள் கேட்பார்களோ, அவரைத்தான் நிறுவனம் ஆலோசகராகவும் பேச்சாளராகவும் கூப்பிடுகிறது. மேடை ஏறியவருக்குப் பெயர் பரவுகிறது, பெயர் பரவியவரைத் தேடி ஆசிரியர் பதவி வருகிறது, ஆசிரியரானதும் நிறுவனத்தின் கண்ணில் அவர் மதிப்பு இன்னும் ஏறுகிறது. அந்த நாற்காலி பெண்களுக்குக் கிடைத்ததே அண்மையில்தான். 1812இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மார்சியா ஏஞ்சல் தலைமை ஏற்றது 1999இல். 1883இல் பிறந்த ஜாமாவுக்கு கேத்தரின் டிஏஞ்சலிஸ் வந்தது 2000இல். 1840இல் தொடங்கிய பிஎம்ஜேவுக்கு ஃபியோனா காட்லீ வந்தது 2005இல். 2021இல் வெளியான ஓர் ஆய்வின்படிகூட முன்னணி இதழ்களின் தலைமை ஆசிரியர்களில் பெண்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான்.

அப்படியென்றால் பெண்களுக்கும் அதே அளவு கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாட்டை நிறுவனத்திடம் வாங்கிச் சாப்பிட்ட மருத்துவர்கள்கூட அந்த நிறுவனத்தின் மருந்தை மற்றவர்களைவிட அதிகமாக எழுதியிருந்தார்கள். சாப்பாடுதான் அப்படி எழுதவைத்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஓர் இதழாசிரியரின் கணக்கில் அந்த வரியே இருக்கக் கூடாது என்று நினைக்க எனக்கு இது போதும்.

தங்கள் நிதித் தொடர்புகளை ஆசிரியர்களும் வெளியிட வேண்டும், அந்தத் தொடர்பு குறுக்கிடும் கட்டுரையைப் பற்றி முடிவெடுப்பதிலிருந்து விலக வேண்டும் என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு பரிந்துரைக்கிறது. என்னைக் கேட்டால், இதழின் ஆசிரியர் குழுப் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்திலேயே, போன வருடம் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று போட்டுவிட வேண்டும். எண்கள் ஏற்கெனவே அரசுத் தளத்தில் கிடக்கின்றன, எடுத்து ஒட்டுவதுதான் பாக்கி.