வாசிச்சாச்சு என்றால் படிச்சாச்சு ஆகாது

முதல் பருவத் தேர்வுத் தாளைத் திருத்திக் கொடுத்த வாரத்தில், ஆறாம் வகுப்பு வாசலில் வருடா வருடம் இதே பேச்சுதான். "அஞ்சாவது வரைக்கும் நல்லாப் படிச்ச பையன் டீச்சர். இப்ப அறுபதுக்கு இருபத்திரண்டு வாங்கிட்டு வந்து நிக்கிறான். கேட்டா, நாலு தடவை வாசிச்சேன்னு சத்தியம் பண்றான்." பையன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நாலு தடவை வாசித்திருக்கிறான். கோளாறே அங்கேதான் இருக்கிறது. செப்டம்பரில் சொல்வதால் பெரிய பயன் இல்லை என்பதால் பள்ளி திறக்கும் ஜூனிலேயே எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர். காலையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே இன்று இது கவனிக்காது என்று கண்டுபிடித்துவிடுவார். நேற்று கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் திணறியது அவருக்கு இன்றும் நினைவில் இருக்கும். ஆறில் பாடத்துக்கு ஒருவர். மணி அடித்தால் ஆள் மாறுவார், நோட்டு மாறும், அவர் எதிர்பார்ப்பதும் மாறும். கணக்கு ஆசிரியருக்கு விடை மட்டும் போதாது, ஒவ்வொரு வரியும் வேண்டும். அறிவியல் ஆசிரியர் படத்தைப் பென்சிலில் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வார். சமூக அறிவியல் என்ற ஒரே புத்தகத்துக்குள் வரலாறு, புவியியல், குடிமையியல் என்று தனித்தனிப் பகுதிகள் இருக்கும். இத்தனை பேரில் பிள்ளையின் முழு நாளையும் பார்ப்பவர் யாரும் இல்லை. அந்த இடம் காலியாகிவிட்டது என்பது பல வீடுகளுக்குத் தெரியவே இல்லை.

மதிப்பெண் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நூறில் 60 தான் பருவக் கடைசியில் எழுதும் தொகுத்தறித் தேர்வு. மீதி 40 வளரறி மதிப்பீடு. செயல்பாடுகள், சிறு தேர்வுகள் என்று பருவம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்வது அது. ஜூலையில் கொடுக்க வேண்டிய செயல்பாட்டைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, தேர்வுக்கு முந்திய வாரம் விடிய விடிய உட்கார்ந்தாலும் போன மதிப்பெண் திரும்பாது.

இனி அந்த நாலு தடவை வாசிப்புக்கு வருகிறேன். இதைச் சற்று நீட்டியே சொல்லப் போகிறேன், ஏனென்றால் பிள்ளைகளை மட்டுமல்ல, பெற்றோரையும் அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

ஒரு பக்கத்தை முதல் தடவை வாசிக்கும்போது தடுக்கும். இரண்டாம் தடவை சரளமாகப் போகும். மூன்றாம் தடவை அடுத்த வரி என்ன வரும் என்றே தெரிந்துவிடும். உடனே "எனக்குத் தெரியும்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் பிள்ளைக்குத் தெரிந்தது அந்தப் பக்கத்தின் முகம் மட்டும்தான். தெருவில் தினமும் பார்க்கும் ஒருவரை எதிரில் கண்டால் அடையாளம் தெரியும்; அவர் பெயரைக் கேட்டால் தெரியாது. தேர்வு பெயரைத்தான் கேட்கிறது.

ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு அறிவியலில் அளவீடுகள் பாடத்தில் "இடமாறு தோற்றப்பிழை" வருகிறது, அதாவது பார்க்கும் கோணம் மாறுவதால் அளவு தப்பாகத் தெரிவது. வரையறையை நாலு தடவை வாசித்த பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். அதே பிள்ளைக்கு ஓர் அளவுகோலையும், அதன் மேலே இடப்பக்கம், நேர்மேலே, வலப்பக்கம் என்று மூன்று கண்களையும் வரைந்து கொடுத்து, எந்தக் கண் சரியான அளவைப் பார்க்கிறது, மற்ற இரண்டும் ஏன் தவறு என்று கேளுங்கள். பேனா நின்றுவிடும். புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் படத்தை வெற்றுத் தாளில் தானே வரைந்து பார்த்த பிள்ளைக்கு, தான் எங்கே முட்டுகிறோம் என்பது முந்தின நாள் இரவே தெரிந்திருக்கும். திறந்து பார்த்துச் சரி செய்திருக்கும். இரண்டு பேரும் செலவழித்தது அதே இருபது நிமிடம்தான்.

சோதித்துப் பார்த்த விஷயம் இது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குச் சிறு கட்டுரைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முன்னே: 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் நான் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்ல விரும்பும் பகுதி இன்னொன்று. எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் நாலு சுற்று வாசித்தவர்களே. ஆகவே "எனக்கு எல்லாம் தெரியும்மா" என்று பிள்ளை சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிள்ளை ஏமாற்றவில்லை, அதற்கு அப்படித்தான் தோன்றுகிறது.

என்ன செய்ய வேண்டும்? அன்று நடத்திய பாடத்தை அன்று மாலையே எடுக்க வேண்டும். ஒரு தடவை நிதானமாக வாசி. புத்தகத்தை மூடு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும், நினைவுக்கு வருவதையெல்லாம் ஐந்து நிமிடம் எழுது. கையெழுத்து, எழுத்துப்பிழை எதையும் பார்க்காதே. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப் போனதைச் சிவப்புப் பேனாவால் அதே தாளில் சேர். அந்தச் சிவப்பு வரிகள்தான் நீ படிக்க வேண்டிய பாடம், மீதி உனக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு நாள் கழித்து அதே தலைப்பை மறுபடி வெற்றுத் தாளில் எழுது. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை. மூன்றாம் தாளில் சிவப்பு குறைந்திருப்பதைப் பிள்ளையே பார்க்கும். அதற்குப் பிறகு யாரும் விரட்ட வேண்டியதில்லை.

கணக்குக்கு வழி வேறு. வகுப்பில் போட்ட எடுத்துக்காட்டின் தீர்வை ஒரு தாளால் மறைத்துவிட்டு, கேள்வியை மட்டும் பார்த்துப் போட வேண்டும். தீர்வை வாசித்துத் தலையாட்டினால் கணக்கு வராது.

இதில் பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "படிச்சிட்டியா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். "புத்தகத்தை மூடிட்டு எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். நீங்கள் பத்தாவது தாண்டவில்லையா, பரவாயில்லை. விடை சரியா என்று பார்ப்பது உங்கள் வேலை இல்லை. பிள்ளை எந்த இடத்தில் திக்குகிறது என்பது படிக்காதவருக்கும் கேட்கும். திக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து விநாடி தவிப்பில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. புக் பேக் விடைகளை, அதாவது பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளுக்கான விடைகளை, பலகையில் எழுதிப் போட்டு, அதையே நோட்டில் ஏற்றி, அதையே தேர்வில் கேட்டு, பிறகு பிள்ளை சொந்தமாக எழுதவில்லை என்று வருத்தப்படுகிறோம். ஜூன் மாதம் முழுவதும் பீரியட் தொடங்கும் முதல் மூன்று நிமிடம், நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்வி, நோட்டைப் பார்க்காமல், மதிப்பெண் போடாமல் எழுத வையுங்கள். பாடம் முடிக்க நேரம் இல்லை என்ற கவலை புரிகிறது. மறந்துபோனதைத் திரும்ப நடத்த இதைவிட அதிக நேரம் போகிறது.

அடுத்தது தப்பு நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். விகிதப் பாடத்தில் ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் வரும் ஒரு தவறு: 50 பைசாவுக்கும் 2 ரூபாய்க்கும் விகிதம் என்ன? பாதிப் பிள்ளைகள் 50:2 என்று எழுதி, சுருக்கி 25:1 என்று முடித்துவிடுவார்கள். சிவப்பில் பெருக்கல் குறி விழும். பிள்ளை பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து 1:4 என்று சரியான விடையை எழுதிக்கொள்ளும். அதோடு முடிந்தது, அடுத்த தேர்வில் அதே தவறு. தப்பு நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும். நான் போட்டது 50:2. ஏன் தப்பு: ஒன்று பைசா, ஒன்று ரூபாய், அலகை மாற்றவில்லை. சரி: 50:200, அதாவது 1:4. நடுவில் இருக்கும் "ஏன் தப்பு" வரி இல்லாவிட்டால் அந்த நோட்டு வீண். "கவனக்குறைவு" என்று எழுதினால் ஏற்காதீர்கள், எதைக் கவனிக்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள்.

மற்றவை வேகமாக. பையை இரவே கால அட்டவணையைப் பார்த்து அடுக்க வேண்டும், பிள்ளையே அடுக்க வேண்டும். அம்மா அடுக்கும் பையில் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது, நோட்டு இல்லாமல் நிற்கும்போது "அம்மா வைக்கல" என்று சொல்லும். எல்லா நாளும் எல்லாப் புத்தகத்தையும் சுமக்க வேண்டாம். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை. ஆறிலிருந்து எட்டு வரை வீட்டுப்பாடம் நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்று சொல்வதும் அதே கொள்கைதான். பள்ளி முடிந்ததும் இரண்டரை மணி நேர டியூஷனில் உட்கார வைக்கும் முன் அதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

காலைச் சாப்பாடு. தமிழ்நாடு அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்காக. அதில் பள்ளியிலேயே சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் முதல் மணிக்கு வெறும் வயிற்றோடு உட்காரும். மதியச் சத்துணவு தொடரும். காலை வேளைதான் விட்டுப்போகிறது. இரண்டு இட்லியோ, நேற்றுச் சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்ததோ, எதுவானாலும் சரி, தயவுசெய்து வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.

தூக்கம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. போன் இரவு வேறு அறையில் இருக்கட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து.

பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடிக்கும் முன் கண்ணைப் பரிசோதியுங்கள். பலகை தெரியாத பிள்ளை அதைச் சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். பெண் குழந்தையிடம் மாதவிடாய் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். பையின் உள் அறையில் ஒரு நாப்கினும் ஒரு மாற்றுத் துணியும் இருக்கட்டும். யாரிடம் போய்ச் சொல்வது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"எட்டு வரைக்கும் ஃபெயில் கிடையாதே" என்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் கிடையாதுதான். பின்னமும் விகிதமும் புரியாமலே பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் போய் உட்காரும். அங்கே அதை மறுபடி நடத்த யாருக்கும் நேரம் இல்லை.

செப்டம்பரில் முதல் தாள் கைக்கு வரும். மொத்த மதிப்பெண்ணை அன்று இரவு பேசாதீர்கள். தாளை விரித்து வைத்து, போன மதிப்பெண் ஒவ்வொன்றையும் பிள்ளையோடு உட்கார்ந்து மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாமல் போனது, தெரிந்தும் நினைவுக்கு வராமல் போனது, தெரிந்தும் தவறாக எழுதியது. முதல் வகை அதிகமென்றால் அந்தப் பாட ஆசிரியரை வந்து பாருங்கள். இரண்டாவது அதிகமென்றால் வெற்றுத் தாள். மூன்றாவது அதிகமென்றால் தப்பு நோட்டு. அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வைத்திருங்கள், டிசம்பர் தாள் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.