புரோலாக்டின் ஏறும்போது மற்ற ஹார்மோன்கள் ஏன் இறங்குகின்றன?

கட்டி வந்தால் ஹார்மோன் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. பிட்யூட்டரி சுரப்பியில் வரும் புரோலாக்டினோமா என்ற கட்டியில் ஒரு ஹார்மோன் ஏற ஏற, மற்றவை ஒவ்வொன்றாக இறங்கலாம். (பயப்பட வேண்டாம், இது அநேகமாகப் புற்றுநோயாக இருப்பதில்லை.)

பிட்யூட்டரி மூளைக்கு அடியில், பட்டாணி அளவில் இருக்கிறது. அது சுரக்கும் புரோலாக்டின்தான் தாய்ப்பால் சுரக்க வைக்கிறது. மற்ற பிட்யூட்டரி ஹார்மோன்களுக்குப் பெரும்பாலும் மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி 'சுர' என்று உத்தரவு போட வேண்டும். புரோலாக்டின் விஷயம் தலைகீழ், அங்கிருந்து டோபமைன் என்ற ரசாயனம் வந்து எந்நேரமும் அதை அடக்கிக்கொண்டே இருக்கிறது, பிரேக்கில் கால் வைத்தபடியே வண்டி ஓட்டுவது மாதிரி. கட்டி உருவாகிவிட்டால் அதன் செல்கள் அந்த அடக்குதலை மீறித் தம் போக்கில் சுரக்கின்றன.

கர்ப்பமாக இல்லாத பெண்ணின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு சுமார் 25 நேனோகிராமுக்குள் இருக்க வேண்டிய புரோலாக்டின், கட்டி பெரிதாகப் பெரிதாகக் கூடும். 10 மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டிகளில் பெரும்பாலும் 250-க்கு மேல், சிலருக்கு ஆயிரக்கணக்கில்கூட.

அப்புறம்தான் மற்ற ஹார்மோன்களின் முறை. புரோலாக்டின் அதிகமானால் ஹைப்போதலாமஸிலிருந்து வரும் இனப்பெருக்கச் சமிக்ஞை மங்கி, சினைப்பையையும் விந்தகத்தையும் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் குறைந்து, பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரானும் இறங்கிவிடும். பெண்களுக்கு மாதவிடாய் தவறும், பிரசவமே ஆகாமல் பால் கசியலாம், அதனால் சீக்கிரமே டாக்டரிடம் போகிறார்கள். ஆண்களோ ஆசை குறைந்ததை வேலை அழுத்தம், வயசு என்று தள்ளிவிட்டு, தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மறைப்பும் வந்த பிறகுதான் வருகிறார்கள், அதற்குள் கட்டி பெரிதாகியிருக்கும். பெரிய கட்டி பக்கத்துச் செல்களை நெருக்கும்போது வளர்ச்சி ஹார்மோன், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், கார்டிசாலைத் தூண்டும் ஹார்மோன் ஆகியவையும் குறையலாம்.

ஆனால் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். புரோலாக்டினே சுரக்காத வேறொரு கட்டி பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸுடன் இணைக்கும் காம்பை அழுத்தி, டோபமைன் வரும் வழியை அடைத்தாலும் புரோலாக்டின் கூடும். ஆனால் பெரும்பாலும் 100-க்குள் நின்றுவிடும். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், சில மனநல மாத்திரைகள், தைராய்டு குறைபாடு என்று காரணங்கள் வேறும் உண்டு. இதைவிட வேடிக்கை, மிகப் பெரிய கட்டியில் புரோலாக்டின் அளவுக்கு மீறி இருந்தால் பரிசோதனையில் புரோலாக்டினைப் பிடித்து அளக்கப் பயன்படும் ஆன்டிபாடிகள் நிரம்பித் திணறி, எண் குறைவாகவே காட்டும். ஸ்கேனில் பெரிய கட்டி, ரிப்போர்ட்டில் சுமாரான எண் என்றால் ரத்த மாதிரியை 100 மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி பார்ப்பார்கள், உண்மையான அளவு அப்போதுதான் வெளிவரும்.

சிகிச்சை பெரும்பாலும் மாத்திரைதான். கட்டிச் செல்களில் டோபமைன் வந்து ஒட்டும் ஏற்பிகள் இன்னும் இருப்பதால், டோபமைன் போலச் செயல்படும் கேபர்கோலின் அவற்றை அடக்கி, பலருக்குக் கட்டியையும் சுருக்குகிறது. புரோலாக்டின் இறங்கியதும் சினைமுட்டை வெளிவரத் தொடங்கும், நின்றுபோன மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கர்ப்பம் தரிக்கவும் கூடும். அதனால் குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள் மாத்திரை தொடங்கும்போதே கருத்தடை பற்றியும் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.